கப்பல் ஏறுமுன் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள்: விசா கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடம் பயணிகள் கப்பல்களின் கணக்காளர் பகுதியில் இருந்தேன். பயணிகளின் கடவுச்சீட்டுகளை வாங்கி, நாடு வாரியாக அடுக்கி, துறைமுக அதிகாரிகளுக்குக் காட்டுவதுதான் வேலையில் பாதி. இப்போது மானிப்பாயில் வீட்டோடு இருக்கிறேன். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் அம்மா அப்பாவைக் கப்பல் பயணத்துக்குக் கூப்பிடுவது கூடிவிட்டதால் கேள்விகளும் கூடிவிட்டன. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். எல்லாம் சாதாரண இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு.

கோண்டாவில், ஓய்வுபெற்ற ஆசிரியை: மகள் சிட்னியில். ஜனவரி 5 அங்கே கப்பல் ஏறி ஓக்லண்ட், திரும்ப பிரிஸ்பேன், சிங்கப்பூர், கேப்டவுன், தெனெரீஃப் வழியாக மார்ச் 28 சவுத்தாம்ப்டனில் இறங்குவதாகத் திட்டம். எந்த விசாவை முதலில் எடுப்பது?

ரீச்சர், முதலில் ஒரு கொப்பித் தாளில் நான்கு கோடு கீறுங்கள். துறைமுகம், திகதி, நாடு, அந்த நாட்டுக்குள் எத்தனையாவது தடவை நுழைகிறோம். விசாக்காரன் நாட்களை மட்டும் எண்ணுவதில்லை, வாசல் கடக்கும் தடவையையும் எண்ணுகிறான். உங்கள் தாளில் அவுஸ்திரேலியா இரண்டு தடவை வரும்: விமானத்தில் சிட்னி ஒன்று, ஓக்லண்ட் போய் வந்து பிரிஸ்பேன் இரண்டு. ஆகவே பல தடவை நுழையும் விசா வேண்டும். மகளைப் பார்க்க ஒரு தடவை நுழையும் விசா எடுத்தால் பிரிஸ்பேன் உங்களுக்குப் பூட்டு.

நியூசிலாந்து இலகு. கப்பலில் வந்து கப்பலிலேயே வெளியேறும் பயணிக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், இணையத்தில் எடுக்கும் மின்னணுப் பயண அனுமதி போதும். ஓக்லண்டில் இறங்கி விமானத்தில் போவதாக இருந்தால்தான் எங்களுக்கு முழு விசா. சிங்கப்பூருக்கு விசா வேண்டாம், வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்ப வேண்டும். கேப்டவுனுக்குத் தென்னாபிரிக்க விசா. தெனெரீஃப் வரைபடத்தில் ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் கிடந்தாலும் ஸ்பெயினுக்குச் சொந்தம், அதனால் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா.

கடைசித் துறைமுகத்தில்தான் கணக்கு இடறுகிறது. பிரித்தானியாவின் சாதாரண வருகை விசாவுக்கு, அந்த நாட்டுக்குப் போகும் திகதிக்கு மூன்று மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்க முடியாது. நீங்கள் சவுத்தாம்ப்டனைத் தொடுவது மார்ச் 28. அப்படியென்றால் விண்ணப்பம் டிசம்பர் 28இல்தான் திறக்கும். நீங்களோ ஜனவரி 5 சிட்னியில் கப்பல் ஏற வேண்டும். ஒரு கிழமைக்குள் கொழும்பில் கைரேகை கொடுத்து, விசா முடிவும் வந்து, விமானமும் ஏறுவது நடக்கிற காரியமா?

எனக்குத் தெரிந்து இரண்டு வழி. அதற்கு முன்னரே லண்டனுக்கு உண்மையாகவே போகும் தேவை இருந்தால், அந்தப் பயணத்துக்கே இரண்டு வருட வருகை விசா கேட்கலாம். இல்லையா, தெனெரீஃபில் இறங்கி விமானத்தில் வீடு திரும்புங்கள். நீண்ட பயணங்களைப் பெரும்பாலும் துண்டு துண்டாகவும் விற்பார்கள், சவுத்தாம்ப்டன் மட்டும் போயே தீரவேண்டும் என்றில்லை.

வரிசைக்கு வருவோம். இருப்பது ஒரே கடவுச்சீட்டு. ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அதனால் செப்டெம்பர் கடைசியில் முதலில் அங்கே கொடுங்கள். அவுஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டுவதில்லை, எல்லாம் மின்னணுப் பதிவுதான். கடவுச்சீட்டு இன்னொரு தூதரகத்தில் கிடக்கும் நேரத்திலேயே அந்த விண்ணப்பத்தை இணையத்தில் கொடுக்கலாம். அது திரும்பி வந்ததும் தென்னாபிரிக்கா.

அராலி: நாங்கள் சில இடங்களில் இறங்கப் போவதில்லை. கப்பலிலேயே இருந்தால் விசா வேண்டாம்தானே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். சில நாடுகளில் சரி, பல நாடுகளில் பிழை. அமெரிக்கத் துறைமுகம் என்றால் கப்பலில் உள்ள ஒவ்வொருவரும் அதிகாரி முன் நிற்க வேண்டும், நீங்கள் கபினில் படுத்திருந்தாலும் விடமாட்டார்கள். இன்னொன்று, இறங்குவதா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானித்தாலும், ஏற்றுவதா இல்லையா என்பதைக் கப்பல் கம்பனிதான் தீர்மானிக்கும். விசா இல்லாத பயணியைக் கொண்டுபோனால் தண்டம் அவர்கள் தலையில். அதனால் ஏறும் இடத்திலேயே பயணம் முழுவதற்குமான விசாக்களைப் பார்ப்பார்கள். கம்பனியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் ஒரு பிள்ளை சொன்னது துறைமுகத்தில் செல்லாது.

உரும்பிராய்: பார்சிலோனாவில் ஏறி மார்செய், நேப்பிள்ஸ், கிறீஸின் பிரயஸ், துருக்கியின் குசாடாசி, திரும்ப கிறீஸின் சன்டோரினி, கடைசியில் பிரயஸில் இறக்கம். ஷெங்கன் விசா ஒன்று போதுமா? எந்த நாட்டிடம் கேட்பது?

விசா ஒன்று போதும், நுழைவு ஒன்று போதாது. குசாடாசியில் கப்பல் கட்டிய உடனே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியாயிற்று. சன்டோரினி இரண்டாவது நுழைவு.

இதில் ஆட்கள் மாட்டுப்பட்டதை நான் நேரே பார்த்திருக்கிறேன். பிரயஸ் துறைமுகத்தில் பயணிகளைப் பதியும் மேசையில் இருந்தேன். எங்கள் பக்கத்து வயதான கணவனும் மனைவியும் வந்தார்கள். அம்மா கைப்பையில் பொலித்தீன் உறைக்குள் இருந்த கடவுச்சீட்டை எடுத்து, விசா ஒட்டிய பக்கத்தை விரித்து, "இஞ்ச பாருங்கோ தம்பி, விசா இருக்கு" என்று நீட்டினார். இருந்தது. திகதி சரி, பெயர் சரி, படமும் சரி. ஆனால் நுழைவு எண்ணிக்கை என்ற சின்னப் பெட்டிக்குள் 01 என்று அடித்திருந்தது. விமானத்தில் ஏதென்ஸ் வந்தபோதே அந்த ஒன்று தீர்ந்துவிட்டது. துருக்கி போய்த் திரும்பினால் உள்ளே வர முடியாது, ஆகவே ஏற்ற முடியாது. அவர்களது பெட்டிகள் அதற்குள் கபின் வாசலுக்கே போய்விட்டன. அவற்றைத் திரும்ப இறக்கி ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு மணித்தியாலம் பிடித்தது. கட்டிய காசில் ஒரு சதமும் திரும்பவில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் ‘ஒரு தடவை’ என்ற கட்டத்தில் அடையாளம் போட்டிருக்கிறார், இவர்களும் பார்க்காமல் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியில் 01, 02, அல்லது பல தடவை என்பதற்கு ‘மல்ட்’ என்று இருக்கும். உங்களுக்கு 02 ஆவது வேண்டும், ‘மல்ட்’ என்று கேளுங்கள். விசா கைக்கு வந்த அன்றைக்கே, வாசலிலேயே நின்று அந்தப் பெட்டியைப் பாருங்கள்.

எந்த நாடு என்றால், கூடிய நாள் நிற்கும் நாட்டின் தூதரகம். உங்கள் வழியில் கிறீஸ் கூடவாக வரும்போலிருக்கிறது, பயணத் திட்டத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். எல்லாம் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. காப்புறுதி கப்பலில் இருக்கும் நாட்களையும் உள்ளடக்க வேண்டும்.

குசாடாசிக்குத் தனி விசா பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கப்பலில் வந்து அதே கப்பலில் போகிறவர்களுக்கு 72 மணித்தியாலம் வரை அந்தத் துறைமுக நகரைப் பார்க்கத் துருக்கி விடுகிறது.

இன்னொன்று. ஐரோப்பிய விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்கே விசா எடுக்க வேண்டிய நாட்டவர்களின் பட்டியலில் இலங்கையர்களும் இருக்கிறோம். வேறு எங்கோ கப்பல் ஏறப் போகிறவர்களும் பிராங்பேர்ட், பாரிஸ் வழியாக மலிவு ரிக்கெற் போடுமுன் இதைப் பாருங்கள்.

வட்டுக்கோட்டை: மகன் வன்கூவரில். அலாஸ்காக் கப்பல். கனடா விசா இருக்கிறது, அமெரிக்க விசா அங்கே போய் எடுக்கலாமா?

வேண்டாம். 2025 செப்டெம்பர் முதல், சொந்த நாட்டில் அல்லது வதியும் நாட்டில்தான் அமெரிக்க வருகை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பிலேயே முடித்துக்கொண்டு போங்கள். நேர்முகத் திகதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் கப்பலுக்கு முற்பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள். கட்டணம் 185 டொலர், மறுத்தால் திரும்பி வராது.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் அலாஸ்காப் பயணத்துக்கும் கனடா விசா வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் ஆட்களை ஏற்றி இறக்க முடியாது. அதனால்தான் கப்பல் கனடாவின் விக்ரோறியாவில் சில மணித்தியாலம் கட்டிவிட்டுப் போகிறது. இரவில் கட்டினாலும் கனடா கனடாதான்.

வல்வெட்டித்துறை: எங்கள் ஊர்க் கப்பல் விசா இல்லாமலே அமெரிக்கா போனது தெரியுமா?

கப்பல் போனது தெரியும் அண்ணை, விசாக் கதை தெரியாது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் மசாசுசெற்ஸ் மாநிலத்து குளொஸ்ரர் போய்ச் சேர்ந்தது. ஆனால் போனவர்கள் மாலுமிகள், பயணிகள் இல்லை. இன்றைக்கும் அந்தப் பிரிவு இருக்கிறது. கப்பலில் வேலைக்குப் போகிறவருக்கு சி1/டி, பயணிக்கு பி1/பி2. ஒன்றை வைத்து மற்றதைச் செய்ய முடியாது. தம்பிமாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வேலைக்குப் போகும் கப்பலுக்குச் சுற்றுலா விசா எடுத்துத் தருகிறேன் என்று யாரும் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

சுன்னாகம்: பலாலியில் இருந்து சென்னை போய், அங்கே ஏறி இலங்கைத் துறைமுகங்கள் பார்த்துத் திரும்பச் சென்னைக்கு வரும் கப்பல். இந்திய ஈ-விசா சரியா?

சரி. சென்னைத் துறைமுகம் ஈ-விசாவை ஏற்கும் துறைமுகங்களில் ஒன்று. முப்பது நாள் ஈ-விசாவில் இரண்டு நுழைவு. விமானத்தில் ஒன்று, கப்பலில் திரும்பும்போது இரண்டு. கணக்கு மட்டுமட்டாக முடிகிறது. இடையில் வேறெங்காவது போய் வருவதென்றால் ஒரு வருட விசா எடுங்கள். 2023 ஜூனில் சென்னையில் இருந்து வந்த உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையிலும் கட்டியது. சொந்த ஊருக்குக் கப்பலில் சுற்றுலாப் பயணியாக வந்து இறங்குவதும் ஒரு ரசனைதான்.

காரைநகர், வயது 71: மொம்பாசாவுக்கும் போகிறது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

மொம்பாசா இருக்கும் கென்யா அந்த நோய் உள்ள நாடுகளில் ஒன்று. அங்கே தொட்டுவிட்டு வரும்போது அடுத்த நாடுகள் சிலவும், திரும்பி வரும்போது இலங்கையும் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கப் போதும். கொழும்பு பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். ஆனால் ஐயா, அறுபதுக்கு மேல் முதல் தடவை இந்த ஊசி போடுவது யோசித்துச் செய்ய வேண்டிய விஷயம். உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். போடக்கூடாது என்றால் அதற்கான மருத்துவக் கடிதத்தை வாங்கி, கப்பல் கம்பனிக்கு முன்கூட்டியே அனுப்பி, ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

நெல்லியடி: நான்கு மாதக் கப்பல் பயணம். கடவுச்சீட்டு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. போதுமா?

போகும் நாளில் இருந்து எண்ணாதீர்கள், பயணம் முடியும் நாளில் இருந்து ஆறு மாதம் எண்ணுங்கள். நான்கு மாதப் பயணத்துக்கு உங்கள் ஏழு மாதம் காணாது. 2025 செப்டெம்பரில் இருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே கடவுச்சீட்டு அலுவலகம் இருக்கிறது, பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை. புதியது எடுத்த பிறகு விசாக்களைத் தொடங்குங்கள். பழையதில் செல்லுபடியான விசா இருந்தால் அதை வீசிவிடாமல் இரண்டையும் கொண்டுபோங்கள்.

திருநெல்வேலி: கணவரின் பெயரும் அவரது அப்பாவின் பெயரும் ரிக்கெற்றில் இடம் மாறி இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் கீழே, அம்புக்குறி போன்ற அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கும். அங்கே எந்தப் பெயர் முதலில், எந்த எழுத்துக்கூட்டல் என்று இருக்கிறதோ அதுதான் ரிக்கெற், விசா, காப்புறுதி எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். முதலெழுத்தை மட்டும் போட்டுச் சுருக்கும் எங்கள் பழக்கம் இங்கே உதவாது.

பெயர் வேண்டாம் என்றவர்: வங்கியில் காசு குறைவு. ஏஜென்சிக்காரர் முப்பது இலட்சம் போட்டுக் காட்டித் தருகிறேன் என்கிறார்.

செய்யாதீர்கள். பென்சன் மட்டும் வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென்று முப்பது இலட்சம் விழுந்தால் விசா அதிகாரிக்கு முதலில் தெரிவது அதுதான். பொய் ஆவணம் கொடுத்தால் பிரித்தானியா பத்து வருடம் வரை தடை போடும். உண்மையில் செலவு செய்வது மகன் என்றால் அதையே சொல்லுங்கள்: அவரது கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, உங்கள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு. உங்கள் பக்கத்தில் பென்சன் கடிதம், காணி உறுதி. திரும்பி வர உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

கோண்டாவில் ஆசிரியை மறுபடியும்: கப்பல் சாப்பாடு ஒத்துவராது. ஒடியல் மா, மோர்மிளகாய் கொண்டுபோகலாமா?

விசாக் கேள்வி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். சிட்னியில் இறங்கும்போது உணவு இருக்கிறது என்று அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள், பார்த்துவிட்டு அவர்கள் முடிவு செய்யட்டும். ஓக்லண்டில் கரைக்கு இறங்கும்போது கைப்பையில் ஒரு வாழைப்பழம்கூட இருக்க வேண்டாம். அறிவிக்காமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர். மோர்மிளகாய்ப் போத்தலைக் கபினில் வைத்துவிட்டு இறங்குங்கள் ரீச்சர்.