காணாமல் போன மருத்துவர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பதினோரு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். மயக்கவியல் மருத்துவர் ஒருவர், பெண், இரவுப்பணி முடித்துக் கிளம்பியவர் வீடு போய்ச் சேரவில்லை. ஐந்து வாரம் ஆகிவிட்டது. எனக்கு அவரை நேரில் தெரியாது. ஆனால் செய்தி வந்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. என்னைப் போல நாற்பது பேர் இணையத்தில் சேர்ந்து தினமும் இதையே பேசுகிறோம். கார் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, போன் எத்தனை மணிக்கு அணைந்தது என்று நான் ஒரு அட்டவணையே போட்டிருக்கிறேன். கணவர் பேட்டியில் அவரைப் பற்றி இறந்தகாலத்தில் பேசினார். மருத்துவமனை இன்றுவரை வாய் திறக்கவில்லை. மருந்துப் பதிவேட்டில் ஏதோ குளறுபடி இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம், அதை அங்கே எழுதியும் விட்டேன். உள்ளே இருந்து பார்ப்பவள் என்பதால் அப்படித் தோன்றியது. ‘முன்பின் தெரியாதவங்களுக்காக உனக்கு ஏன் இந்த வேலை?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். நாங்கள் பேசுவதை நிறுத்தினால் வழக்கு அப்படியே தூங்கிவிடும் என்று பயமாக இருக்கிறது. நாங்கள் செய்வது உதவிதானே?

க.

அன்புள்ள க.,

உங்கள் வீட்டில் கேட்ட கேள்வியை நான் கேட்கமாட்டேன். முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தூக்கம் கெடுவது நல்ல மனதுக்கு நடப்பதுதான். அதுவும் உங்களுக்கு அதே வேலை, அதே இரவுப்பணி, பணி முடிந்து ஆளில்லாத வண்டி நிறுத்தத்தில் பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டே நடக்கிற அதே ஐந்து நிமிடம். அது நானாக இருந்திருக்கலாம் என்ற பயம் உங்கள் கடிதத்தில் எழுதாமலேயே இருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பேசுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது பேசிக்கொண்டிருப்பது உதவி இல்லை, அதில் ஒரு பகுதி தீங்கு.

முதலில் அந்தப் பதிவேடு. மயக்கவியல் மருத்துவர் கையில் ஃபென்டானில், கெட்டமின், மார்ஃபின் எல்லாம் தினமும் புழங்கும். ஒவ்வொரு ஆம்பூலுக்கும், அதாவது சின்ன மருந்துக் குப்பிக்கும், கையெழுத்து, மிச்சத்தைக் கொட்டும்போது பக்கத்தில் ஒரு சாட்சி. அந்தத் துறையில் சிலர் அந்த மருந்துகளுக்கு அடிமையாகிப்போனதும் இத்தனை கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம் என்பது எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் ஊகம் நம்பும்படி இருக்கிறது. ஆபத்தும் அதில்தான். நீங்கள் ‘இருக்கலாம்’ என்று எழுதினீர்கள், அந்த ‘லாம்’ மூன்று கை மாறுவதற்குள் உதிர்ந்துவிடும். ‘மருந்து திருடிய டாக்டர்’ என்று ஆகும். எழுதியவர் செவிலியர் என்பதால் ‘உள்ளே இருக்கிறவங்களே சொல்றாங்க’ என்ற முத்திரையும் கூடவே போகும். நாளைக்கே அந்த மருத்துவர் உயிரோடு திரும்பி வந்தால், எந்த மருத்துவமனை அவரை மறுபடி அந்த அலமாரிச் சாவியோடு நம்பும்?

பல வருடங்களுக்கு முன் என் நண்பனின் அக்கா காணாமல் போனார். பல் மருத்துவர். ஒன்பது நாள். அந்த நாட்களில் பாதி நேரம் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். கூடத்தில் சுவரோரம், சார்ஜர் வயர் எட்டும் தூரத்தில், தரையில் போன் கிடக்கும். அறிவிப்பில் கொடுத்த எண் அது. அவனுடைய அம்மா அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார், எடுத்ததும் ‘கண்ணு?’ என்பார். ஒவ்வொரு தடவையும். எதிர்முனையில் யாரோ ஒருவர் தன் ஊகத்தைச் சொல்வார். உங்கள் பெண் யாரோடோ போய்விட்டாள், தேடாதீர்கள் என்றார் ஒருவர். கனவில் கிணறு தெரிந்தது என்றார் இன்னொருவர். மருமகனை நம்பாதீர்கள் என்று அரைமணி நேரம் மிகவும் அன்பாக, நிதானமாக எடுத்துச் சொன்ன ஒரு பெரியவர் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் உதவத்தான் கூப்பிட்டார்கள். ஏழாவது நாள் நண்பனுக்குத் தாங்கவில்லை, இனி தெரியாத எண் எதையும் எடுக்க வேண்டாம் என்றான். அம்மா கேட்கவில்லை. “தெரியாத நம்பர்லேர்ந்துதானேடா அவ கூப்பிடுவா” என்றார்.

ஒன்பதாவது நாள் தெரியாத எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. வேறொரு ஊர் மருத்துவமனையில் இருந்து ஒரு செவிலியர். அடையாளம் தெரியாத நோயாளி ஒருவர் விபத்துக்குப் பிறகு நினைவில்லாமல் இருக்கிறார், இடது மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு, வலது காதில் மட்டும் இரண்டு துளை, வந்து பார்க்க முடியுமா என்றார். அவ்வளவுதான். ஏன் அந்த ஊருக்கு வந்தார், யாரோடு வந்தார் என்று எதுவும் அவர் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னார். அக்கா பிழைத்துவிட்டார், இரண்டு வருடம் கழித்துப் பழையபடி வேலைக்கும் வந்தார். ஆனால் ‘அப்ப இவங்க யாரோட போனாங்களாம்?’ என்ற பேச்சு அவருடைய காத்திருப்பு அறையில் பல வருடம் ஓயவில்லை. விபத்து என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் ஓயவில்லை.

இணையம் வந்ததால்தான் இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். 1849 நவம்பர் 23-ஆம் தேதி பாஸ்டன் நகரில் ஜார்ஜ் பார்க்மன் என்ற மருத்துவர் காணாமல் போனார். மருத்துவம் பார்த்ததைவிட நிலம், வாடகை, கடன் என்று அலைந்தவர், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த முகம். அன்று படுக்கையில் இருந்த மகளுக்காகக் கீரை வாங்கி, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கடையிலேயே வைத்துவிட்டுப் போனார். வரவே இல்லை. ஆற்றை வலை போட்டு அரித்தார்கள், 28,000 துண்டறிக்கை அச்சடித்தார்கள். ஊர் வாய் யாரைப் பிடித்தது தெரியுமா? அவரிடம் வாடகை கொடுத்துவந்த ஏழை ஐரிஷ் குடியேறிகளை. பணத்துக்காக அவர்கள்தான் கொன்றிருப்பார்கள் என்று ஒரு வாரம் பேசினார்கள். ஒரு ஐரிஷ்காரர் பெரிய நோட்டு ஒன்றை நீட்டியதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. கடைசியில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் துப்புரவுப் பணியாளர் லிட்டில்ஃபீல்ட், வேதியியல் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டரின் ஆய்வகத்துக்குக் கீழே இருந்த சுவரைத் தானே உடைத்துப் பார்த்து உடலின் பாகங்களைக் கண்டுபிடித்தார். பார்க்மனின் பொய்ப்பற்களை அவற்றைச் செய்துகொடுத்த பல் மருத்துவர் அடையாளம் காட்டினார். வெப்ஸ்டர் 1850 ஆகஸ்ட் 30 அன்று தூக்கிலிடப்பட்டார். இதில் எனக்கு மிகவும் வலிப்பது வேறு. சுவரை உடைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்த அந்தப் பணியாளரையே சந்தேகப்படுகிறவர்கள் அப்புறமும் இருந்தார்கள்.

அதே பாஸ்டனில் 2013-இல் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. ரெட்டிட் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் புகைப்படங்களை வைத்துக் குற்றவாளியைத் தேடினார்கள். பக்கத்து மாநிலத்தில் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த ஒரு மாணவரின் பெயர் அதில் அடிபட்டது. அவரைத் தேடுவதற்காக அவருடைய குடும்பம் முகநூலில் ஒரு பக்கம் வைத்திருந்தது. வசைகள் வந்து குவிந்ததில் அந்தப் பக்கத்தை மூட வேண்டியதாயிற்று. அந்தப் பையன் குண்டு வெடிப்பதற்கு முன்பே இறந்துபோயிருந்தான், உடல் பிறகு ஆற்றில் கிடைத்தது. ரெட்டிட் பொது மன்னிப்பு கேட்டது. ஆனால் மகனைத் தேடுவதற்கு அந்த வீட்டுக்கு இருந்த ஒரு வாசலை உதவ வந்தவர்களே அடைத்துவிட்டார்கள். நண்பனின் அம்மா பக்கத்தில் கிடந்த போனைப் போன்றதுதான் அந்தப் பக்கமும்.

நீங்கள் போட்ட அட்டவணையைப் பார்த்தேன். உழைத்திருக்கிறீர்கள். ஆனால் அதில் இருக்கிற இருபத்துமூன்று வரியில் யாராவது நேரில் பார்த்தது நான்கு வரிதான். மற்றதெல்லாம் அர்த்தம் கற்பித்தது. ஒருவர் காணாமல் போனதும் அவர் அன்று செய்த சாதாரணக் காரியம் ஒவ்வொன்றும் தடயம் போலத் தெரிய ஆரம்பித்துவிடும். மைக்கேல் மோஸ்லி மருத்துவம் படித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவர், பலருக்கும் தெரிந்தவர். 2024 ஜூன் 5 அன்று கிரேக்கத்தின் சிமி தீவில் ஒரு கடற்கரையிலிருந்து தனியாக நடந்து கிளம்பினார். போனை எடுத்துப் போகவில்லை. ‘போனை ஏன் விட்டுவிட்டுப் போனார்?’ என்று கேட்க ஆரம்பித்தால் அதை வைத்து ஒரு நாவலே எழுதலாம். ஜூன் 9 அன்று இன்னொரு கடற்கரை விடுதிக்குப் பக்கத்திலேயே அவர் உடல் கிடைத்தது. கொளுத்தும் வெயிலில் கரடுமுரடான மலைப்பாதையில் நடந்திருக்கிறார். வெப்பத்தாக்கமாக இருக்கலாம், அல்லது கண்டறிய முடியாத வேறு உடல்நலக் காரணமாக இருக்கலாம் என்று மரண விசாரணையில் சொன்னார்கள். அதாவது போனை விட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான். நாமும் தினமும் எதையாவது மறந்துவிட்டுத்தான் போகிறோம். விபத்துக்கு வில்லன் கிடையாது, அதனால் ஊகம் செய்கிறவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

கணவர் இறந்தகாலத்தில் பேசினார் என்கிறீர்கள். காணாமல் போனவரைப் பற்றி எந்தக் காலத்தில் பேசுவது, சொல்லுங்கள்? ‘இருக்கிறாள்’ என்றால் எங்கே என்று கேட்பார்கள். ‘இருந்தாள்’ என்றால் இவன்தான் கொன்றான் என்பார்கள். ஐந்து வாரம் தூங்காத ஒரு மனிதரின் வினைச்சொல்லைப் பிடித்துத் தொங்குவது நியாயமே இல்லை. அவர் குற்றவாளியாகவே இருந்தாலும் அதைக் காட்டப்போவது சாட்சியமும் பதிவுகளும்தான். மருத்துவமனை வாய் திறக்காததையும் அப்படியே பாருங்கள். நோயாளிகளின் ரகசியம், பணியாளரின் தனிப்பட்ட விவரம், நடந்துகொண்டிருக்கும் விசாரணை என்று மூன்று காரணம் இருக்கும்போது அவர்களால் பொதுவில் என்ன சொல்ல முடியும்? மூடி மறைப்பதும் உண்டுதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இன்னொன்று, இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் சிலர் ‘பாவம், மன அழுத்தமாக இருக்கும்’ என்று எழுதியிருக்கிறார்கள். இரக்கத்தில் எழுதியதுதான். ஆனால் மனநல சிகிச்சைக்குப் போனது தெரிந்தால் உரிமத்துக்கு ஆபத்து வருமோ என்று பயந்து சிகிச்சைக்கே போகாமல் இருக்கிற மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ஓர் அவசரசிகிச்சை மருத்துவரின் பெயரில், லோர்னா பிரீன் சட்டம் என்று, 2022-இல் அமெரிக்கா ஒரு சட்டமே கொண்டுவந்தது, மருத்துவப் பணியாளர்கள் பயமில்லாமல் உதவி கேட்க வேண்டும் என்பதற்காக. அப்படிப்பட்ட ஒருவர் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து திரும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், நீங்கள் எழுதுவதையெல்லாம் அவரும் படிப்பார். எதிலிருந்தாவது தப்பித்துத்தான் போயிருக்கிறார் என்றால், நீங்கள் அவர் இருக்குமிடத்தைத் தேடித் தருவது யாருக்கு? வயதுவந்த ஒருவர் தானாக விலகிப் போயிருந்தால் நல்ல காவல்துறை ‘பத்திரமாக இருக்கிறார்’ என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அதற்குக் காரணம் உண்டு.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். வழக்கு தூங்கிவிடும் என்கிறீர்கள். நியாயமான பயம், வழக்குகள் தூங்கத்தான் செய்கின்றன. ஆனால் ஐந்து வாரமாக நாற்பது பேர் பேசியதில், வண்டி நிறுத்தத்து கேமராப் பதிவை எடுத்துப் பத்திரப்படுத்தினார்களா என்று எழுத்தில் கேட்டவர் எத்தனை பேர்? பல கேமராக்களில் பழைய பதிவு சில வாரத்தில் தானாக அழிந்து, அதன் மேல் புதியது ஏறிவிடும். அது இந்நேரம் போயிருந்தால் திரும்பக் கிடைக்காது. விசாரிக்கும் அதிகாரிக்கு நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டு அதை இந்த வாரமே கேளுங்கள். இரவுப்பணி முடிந்து வருகிறவர் வண்டி ஏறும்வரை கூட யார் வருகிறார்கள், வீடு போய்ச் சேராவிட்டால் அது எத்தனை மணி நேரம் கழித்து யாருக்குத் தெரியும் என்று உங்கள் மருத்துவமனையிலேயே கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, பதில் சொல்ல வேண்டியவர்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

பதிவேட்டைப் பற்றி எழுதியதை நீக்கிவிடுங்கள். சத்தமில்லாமல் நீக்கினால் போதாது, ‘நான் எதையும் பார்க்கவில்லை, ஊகித்துத்தான் எழுதினேன்’ என்று அதே இடத்தில் சொல்லிவிட்டு நீக்குங்கள். அட்டவணையில் அந்த நான்கு வரியை மட்டும், பார்த்தவர் யார் என்ற விவரத்தோடு, விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள். அப்புறம், அவருடைய குடும்பம் கொடுத்த புகைப்படம், கடைசியாகப் பார்த்த தேதி, தகவல் சொல்ல வேண்டிய காவல்நிலைய எண், இந்த மூன்றும் இருக்கிற அறிவிப்பு ஒன்றை எனக்கு அனுப்புங்கள். அவர் கிடைக்கும்வரை அது இந்தத் தளத்தின் முதல் பக்கத்தில் இருக்கும். அதற்குக் கீழே கருத்துகளை மூடிவைக்கிறேன்.