தோட்டப்புறத்தைப் பற்றிய என் ஆய்வை வளர்ச்சி அரசியல் பொருளாதார மாநாட்டுக்கு அனுப்பலாமா? சுருக்கத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டம் தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, மாறியதையும் மக்கள் வெளியேறியதையும் முதுகலை ஆய்வாகச் செய்திருக்கிறேன். வெளிநாட்டு மாநாடு ஒன்று 300 சொல்லில் ஆய்வுச் சுருக்கம் கேட்கிறது. எங்கள் கதையை அங்கே யாராவது மதிப்பார்களா?

வணக்கம். நிச்சயம் மதிப்பார்கள். ஆனால் வெறும் கதையாக அனுப்பினால் திரும்பி வந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித் திரும்பி வந்தது.

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தேன். அம்மா பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு அப்பா குலை அறுக்கப் போனார். பகலில் ஈப்போவில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முதுகலை முடித்தேன். முதன்முதலில் நான் அனுப்பிய சுருக்கம், “மலேசியத் தோட்டத் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக வறுமையிலும் புறக்கணிப்பிலும் வாழ்ந்து வருகிறார்கள்” என்று தொடங்கியது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மதிப்பீட்டாளரிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி: இதில் உங்கள் கேள்வி என்ன? எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

அன்று கோபம் வந்தது. ஒரு வாரம் கழித்துப் படித்தபோது அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. அரசியல் பொருளாதாரத்துக்காரர்கள் நாம் பட்ட கஷ்டத்தை நம்ப மறுப்பதில்லை. அந்தக் கஷ்டம் எந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தது, அதனால் யார் கைக்கு என்ன போனது என்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். வேளாண் மாற்றத்தை ஆராய்ந்த ஹென்றி பெர்ன்ஸ்டைன் இதை நான்கு கேள்விகளாகப் பிரித்தார்: யாரிடம் எது சொந்தமாக இருக்கிறது? யார் எந்த வேலையைச் செய்கிறார்கள்? யாருக்கு என்ன கிடைக்கிறது? கிடைத்ததை வைத்து என்ன செய்கிறார்கள்? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் தோட்டத்துக்குப் பதில் போட்டுப் பாருங்கள். பதில் எங்கே தடுமாறுகிறதோ, உங்கள் ஆய்வுக் கேள்வி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நான் மூன்றாவதில் தடுமாறினேன். பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருவர் முப்பது ஆண்டு பால் மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டபோது அவருக்குக் கொடுத்த கணக்குத் தாளைப் பழைய மைலோ டப்பாவில் மடித்து வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது. கணக்கு வேலைக்காரி என்பதால் நான் முதலில் கூட்டலைத்தான் சரிபார்த்தேன். கூட்டல் சரி. ஆட்குறைப்பு நலன்கள் பற்றிய 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குக் குறைந்தது ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் தர வேண்டும். முப்பது ஆண்டுக்கு 600 நாள். அதைக் கொடுத்திருந்தார்கள், சட்டப்படி அதில் குறையில்லை. ஆனால் அதே மாதத்தில் அவர் இழந்த வீட்டுக்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

ஏன் இல்லை என்று தேடியபோதுதான் ஆய்வு பிறந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், தங்க வைக்கும் வீட்டின் மதிப்பு சேராது. தண்ணீர், விளக்கு, வைத்தியமும் சேராது. அப்பாவோடு வேலை செய்த பெரியவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: சம்பளம் பற்றாது என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் யாராவது வாய் திறந்தால், “வீடு சும்மா, தண்ணி சும்மா, இன்னும் என்ன?” என்று பதில் வருமாம். சம்பளத்தைப் பேசும்போது வீடு சம்பளத்தின் ஒரு பங்கு. கணக்கைத் தீர்க்கும்போது வீடு சம்பளமே இல்லை. இடையில் முப்பது ஆண்டு ஒரு குடும்பத்தால் சொத்து என்று எதையும் சேர்க்க முடியவில்லை. விவசாய நிலம் வீட்டு மனையானபோது ஏறிய விலை முழுவதும் நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்கே போனது.

இதைக் கேள்வியாக மாற்றினேன்: கூலியின் ஒரு பகுதியை வீடாகக் கொடுத்த முறை, நிலத்தின் பயன்பாடு மாறியபோது கிடைத்த ஆதாயத்தில் தொழிலாளருக்குப் பங்கில்லாமல் செய்தது எப்படி? இரண்டாவது சுருக்கத்தின் முதல் வரியே இதுதான். ‘வறுமை’ என்ற சொல்லை நான் எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவை வரவில்லை.

மதிப்பீட்டாளர் கேட்ட இன்னொரு கேள்வி காலம். “தோட்டங்கள் அழிக்கப்பட்டன” என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அது ஒரே நிகழ்ச்சி அல்லவே. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்பட்டன. அந்தத் தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. பொருளியலாளர் உங்கு அசிஸ் அதை ஆராய்ந்து எழுதினார். அந்தத் துண்டாடலுக்கு மறுமொழியாக 1960-இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் செலுத்திய சிறு தொகையைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் எங்கள் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பதில் எங்களுக்கு இன்றும் பெருமை. 1981-இல் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்ட நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தையில் மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் வாங்கியது இன்னொரு கட்டம். உடைமை வெளிநாட்டிலிருந்து உள்நாட்டுக்கு வந்தது, ஆனால் லயத்து வீட்டின் நிலை மாறவில்லை. பட்டணங்கள் பெருத்து, தோட்டங்கள் தாமான்களான பிற்காலம் இன்னொன்று. உங்கள் தோட்டம் இவற்றில் எந்தக் கட்டத்தில் கைமாறியது, வாங்கியவர் விவசாயம் செய்ய வாங்கினாரா, மனை போட வாங்கினாரா என்பதைச் சுருக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறீர்கள் என்று மதிப்பீட்டாளருக்குப் புரிந்துவிடும்.

300 சொல்லில் பாதியைப் பின்னணிக்குச் செலவழித்துவிடுவது நம்மில் பலர் செய்யும் தவறு. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்த கங்காணி முறையில் தொடங்கி, ஒப்பந்தக் கூலியான சஞ்சிக்கூலியைத் தொட்டு, கடைசி இரண்டு வரியில் ஆய்வுக்கு வருவோம். அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் புதிர், அடுத்து இதுவரை சொல்லப்பட்ட விளக்கம் எங்கே போதவில்லை என்பது, பிறகு உங்கள் கையில் இருக்கும் சான்று, அதிலிருந்து நீங்கள் கண்டது. சான்றைப் பற்றி எழுதும்போது கூச்சப்படாதீர்கள். “தொழிலாளர்களை நேர்காணல் செய்தேன்” என்று பொதுவாக எழுத வேண்டாம். எத்தனை குடும்பம், எந்த ஆண்டுச் சம்பளச் சீட்டு, ஆள் வருகையையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் கிடைத்ததா, காலி செய்யச் சொன்ன கடிதம் இருக்கிறதா என்று எழுதுங்கள். ஒரு மைலோ டப்பாவில் இருக்கும் காகிதம் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்காது. நமக்கு அது கிடைக்கிறது, ஏனென்றால் நம்மை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்காகத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட்டதாக ஆகாது. “ஆயக்கொட்டகை ஆயா” (குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்) என்று எழுதினால் அந்தத் தோட்டத்தில் அவர் ஒருவர்தானே இருந்திருப்பார்? மருந்தகத்து டிரஸ்ஸர், அலுவலகத்துப் பெரிய கிராணி, கோயில் தலைவர் எல்லாம் அப்படித்தான். இன்னும் வழக்கு நடக்கும் இடமாக இருந்தால் தோட்டத்தின் பெயரையே விட்டுவிட்டு மாவட்டத்தோடு நிறுத்துங்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறி ஒப்புதலில் மாநாட்டுப் படைப்பும் அடங்குமா என்று உங்கள் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே அனுப்புவது? நம் நாட்டில் மலேசியச் சமூக அறிவியல் சங்கம் நடத்தும் மலேசிய ஆய்வியல் மாநாடு இருக்கிறது. முதல் படைப்புக்கு அது நல்ல இடம், தோட்டம் என்றால் என்ன என்று அங்கே விளக்க வேண்டியதில்லை. வெளியே போவதென்றால், அரசியல் பொருளாதாரத்தை வளர்ப்பதற்காகவே ஐ.ஐ.பி.பி.இ என்ற பன்னாட்டு அமைப்பு ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. அதில் வேளாண் மாற்றத்துக்கென்றே ஒரு பணிக்குழு உண்டு. பிரிட்டனின் வளர்ச்சி ஆய்வுகள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் முதலில் அமர்வுகளை அறிவிப்பார்கள், அதன் பிறகு அந்தந்த அமர்வுக்குக் கட்டுரை கேட்பார்கள். அமர்வின் விளக்கத்தை நிதானமாகப் படியுங்கள். நிலம், உழைப்பு பற்றிய அமர்வுக்கு எழுதும் சுருக்கமும் வீட்டு வசதி பற்றிய அமர்வுக்கு எழுதும் சுருக்கமும் ஒன்றாக இருக்க முடியாது. எழுதியவர் யார் என்று தெரியாமல் மதிப்பிடும் மாநாடாக இருந்தால், கோப்பின் உள்ளேயும் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள்.

அதோடு ஒரு எச்சரிக்கை. மின்னஞ்சல் பெட்டியைத் தேடி வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். பொருளாதாரம், பொறியியல், மருத்துவம் எல்லாவற்றுக்கும் ஒரே ஹோட்டலில் ஒரே நாளில் மாநாடு, அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்பு, உடனே பணம் கட்டினால் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் வெளியீடு என்றால் அது காசு பறிக்கும் கடை. என்னோடு படித்த ஒருவர் இரண்டு மாதச் சம்பளத்தை அப்படி இழந்தார். அவர் முகத்தைப் பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நல்ல மாநாட்டில் மதிப்பீட்டுக்கு வாரக்கணக்கில் நாள் எடுக்கும். கட்டணச் சலுகை உண்டா, இணையம் வழி படைக்க முடியுமா என்று ஏற்பாட்டாளருக்கு எழுதிக் கேட்பதில் தவறே இல்லை. நான் கேட்டேன், பாதிக் கட்டணம் குறைத்தார்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதிய சுருக்கத்தைத் தமிழில் சொல்லி, தோட்டத்தில் வாழ்ந்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். நான் அந்தப் பெரியம்மாவிடமே படித்தேன். கூலியின் ஒரு பகுதியாக வீடு கொடுக்கப்பட்டது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“குடுத்தாங்கன்னு எழுதாதம்மா. குடுத்திருந்தா அது எங்ககிட்டதானே இருக்கும்? இருக்க விட்டாங்கன்னு எழுது.”

அன்று இரவே திருத்தினேன். ‘வேலையில் இருக்கும்வரை தங்க அனுமதிக்கப்பட்ட வீடு’ என்று போனது. மாநாட்டில் என் அமர்வில் இலங்கை மலையகத்தைப் பற்றிப் படைக்க வந்தவர், அந்தச் சொற்றொடரைத்தான் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, இடைவேளையில் என்னைத் தேடி வந்தார்.