மீனம்பாக்கம் விமானச் சத்தம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஒலி அளக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன், குடியிருப்பதும் விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பம்மலில்தான். அதனால் பதிலில் அங்கங்கே எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அனகாபுத்தூர்): சார், ஜூலையில் வீடு பார்க்க வந்தபோது சத்தம் இருந்தது, ஆனால் சமாளிக்கலாம் போலிருந்தது. நவம்பரில் குடிவந்தால் கூரையை உரசிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. விமானம் கூடிவிட்டதா?

கூடவில்லை, காற்று மாறிவிட்டது. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வருவதால் விமானங்கள் கிண்டி, ஆலந்தூர், பரங்கிமலை பக்கமாக வந்து இறங்கி, உங்கள் பக்கமாக ஏறிப்போகும். ஏறுகிற விமானத்தின் இரைச்சல் பெரிதுதான், ஆனால் உங்கள் வீட்டை எட்டும்போது அது நல்ல உயரத்துக்குப் போயிருக்கும். வடகிழக்குப் பருவம் வந்ததும் எல்லாம் தலைகீழ்: பொழிச்சலூர், அனகாபுத்தூர் மேலாகத் தாழ்வாக வந்து இறங்கும். இறங்கும் சரிவு 3 டிகிரி, அதாவது ரன்வேக்கு 3 கிலோமீட்டர் முன்னால் உயரம் சுமார் 160 மீட்டர்தான். மே மாதத்திலோ ஒரே நாளில் இரண்டும் நடக்கும், காலையில் மேற்குக் காற்று, மதியம் கடல்காற்று உள்ளே வந்ததும் திசை மாற்றிவிடுவார்கள். வீடு பார்க்கிறவர்கள் இரண்டு பருவத்திலும், முடிந்தால் விடியற்காலையிலும் ஒரு நடை வந்து பாருங்கள். புரோக்கர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

கேள்வி (பொழிச்சலூர்): சராசரி 65 டெசிபலுக்குள்தான் இருக்கிறது, சட்டப்படி சரி என்கிறார்களே அண்ணா?

சட்டப்படி சரியாகத்தான் இருக்கும். 2018இல் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து வருடத்துக்கு 50,000 முறைக்கு மேல் நடக்கும் நிலையங்களைச் சுற்றிய பகுதிக்குப் பகலில் 70, இரவில் 65 டெசிபல். சாதாரணக் குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு விதி சொல்வது 55, 45. உலக சுகாதார நிறுவனம் 2018இல் விமானச் சத்தத்துக்குப் பரிந்துரைத்த அளவு பகலிரவு சேர்த்து 45, இரவுக்கு மட்டும் 40. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கோபம் இந்தச் சராசரி மேல்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு விமானம் அரை நிமிடம் கத்திவிட்டுப் போனால் மீதி நேர அமைதியோடு சேர்த்து அது கரைந்துவிடும், ஆனால் உங்கள் தூக்கம் போனது போனதுதானே? விமானங்களைப் பாதியாகக் குறைத்தால்கூடச் சராசரி 3 டெசிபல்தான் இறங்கும், அது அப்படிப்பட்ட கணக்கு. மனு எழுதினால் சராசரியை விட்டுவிடுங்கள், எத்தனை மணிக்கு எத்தனை முறை எழுந்தீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். விமானங்களைக் காட்டும் ஃப்ளைட்ரேடார் ஆப்பில் பார்த்து எந்த விமானம், எவ்வளவு உயரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் டெசிபல் ஆப்பை மட்டும் ஆதாரமாகக் காட்டாதீர்கள், முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

கேள்வி: ராத்திரியில் நிறுத்தவே முடியாதா?

ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் 2011இலிருந்து இரவு 11 முதல் காலை 5 வரை அட்டவணைப்படி எந்த விமானமும் கிடையாது. லண்டன் ஹீத்ரோவில் இரவு விமானங்களுக்கு வருடத்துக்கு 5,800 என்று உச்சவரம்பு. சென்னையில் 24 மணி நேரமும் ஓடுகிறது. வெளிநாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கு மேல்தான்.

கேள்வி (பம்மல்): என் பையன் ஐந்தாவது படிக்கிறான். படிப்பு கெடுமா? பயமாக இருக்கிறது அண்ணா.

பயமுறுத்த விரும்பவில்லை, ஆனால் ஜெர்மனியின் மூனிக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும் அக்கா. 1992இல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதை வேறு இடத்தில் திறந்தார்கள். ஆய்வாளர்கள் முன்கூட்டியே இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் சோதித்து வைத்திருந்தார்கள். புதிய நிலையத்தின் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் நீண்டகால நினைவும் பின்தங்கின, பழைய இடத்துப் பிள்ளைகளுக்குத் தேறின. தேறின என்பதைக் கவனியுங்கள். படிக்கிற, தூங்குகிற அறையை விமானம் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மாற்றினாலே கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: கனமான திரைச்சீலை போட்டேன், பிரயோஜனம் இல்லை.

இருக்காது. சத்தம் இடுக்கு வழியாக வருகிறது. கான்கிரீட் கூரையும் செங்கல் சுவரும் நன்றாகவே தடுக்கும். ஓட்டை என்பது ஜன்னல், வென்டிலேட்டர், ஜன்னல் ஏசியைச் சுற்றிய சந்து, கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளி. முதலில் ரப்பர் பட்டை ஒட்டி இவற்றை அடைத்துவிடுங்கள், செலவு குறைவு. அப்புறம் காசிருந்தால் இரட்டைக் கண்ணாடி, இரண்டும் வெவ்வேறு தடிமனில் இருக்கட்டும். கூரை சிமெண்ட் ஷீட் என்றால் ஜன்னலுக்குச் செலவழித்துப் பலனில்லை. ஜன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் சத்தம், இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: சில விமானம் இறங்கும்போது விசில் அடிக்கிறதே, அது கோளாறா?

கோளாறு இல்லை. பழைய ஏர்பஸ் ஏ320 ரக விமானங்களின் இறக்கைக்கு அடியில் எரிபொருள் தொட்டி அழுத்தத்துக்காக வட்டமான துளைகள் உண்டு. காலி பாட்டில் வாயில் ஊதினால் கூவுமே, அதேதான். துளைக்கு முன்னால் ஒரு சின்னத் தகடு ஒட்டினால் நின்றுவிடும், ஜெர்மன் விமான நிறுவனம் லுஃப்தான்சா 2014இலேயே ஒட்ட ஆரம்பித்துவிட்டது.