இடது கை வலியும் இடது தோள் பையும்

கேள்வி: எனக்கு 43 வயது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் ரயிலில் திருநெல்வேலிக்கு வேலைக்கு வருகிறேன். ஐந்து மாதமாக இடது தோளில் தொடங்கி கை முழுக்க உளைச்சல். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. தோளை அமுக்கினால் வலிக்கிறது. பை மாட்டினால் கூடுகிறது, ஞாயிற்றுக்கிழமை தேவலை. இடது கை வலித்தால் மாரடைப்பு என்று யூடியூப்பில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. இரண்டு முறை இசிஜி எடுத்தேன், கோளாறு இல்லை என்றார்கள். எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு தேய்மானம். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையும் நரம்பு மாத்திரையும் சாப்பிடுகிறேன், கழுத்துப் பட்டி போடுகிறேன். கழுத்தைத் திருப்பினால் நறநறவென்று சத்தம். தோளில் கறுப்பாகத் தடம் விழுந்திருக்கிறது. பையில் சாப்பாடு, தண்ணீர், குடை, பவர்பேங்க் எல்லாம் இருக்கும். திரும்பும்போது காய்கறி வாங்கிய ஒயர் கூடையை முழங்கையில் மாட்டிக்கொள்வேன். தினமும் கொண்டுபோக எந்த மாதிரி ஹேண்ட்பேக் நல்லது?

— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: முதலில் மாரடைப்பைப் பேசி முடித்துவிடுவோம். அந்தப் பயம் இருக்கும்வரை பையைப் பற்றி நான் சொல்வது எதுவும் உங்கள் மனதில் நிற்காது.

இதய வலி பெரும்பாலும் உடம்பு உழைக்கும்போது வரும். ஸ்டேஷன் மேம்பாலத்தின் படி ஏறினால் வரும், வெறுங்கையோடு வேகமாக நடந்தாலும் வரும், நின்றால் சில நிமிடத்தில் தணியும். நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி அழுத்தமோ, வியர்வையோ, மூச்சு வாங்குவதோ பெரும்பாலும் கூடவே இருக்கும். உங்கள் வலி பையை மாட்டினால் கூடுகிறது, லீவு நாளில் குறைகிறது, அமுக்கினால் வலிக்கிறது, குறிப்பாக இரண்டு விரலை மட்டும் மரக்கடிக்கிறது. தசையும் நரம்பும் கஷ்டப்பட்டால்தான் வலி இப்படி இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இசிஜி என்பது நீங்கள் படுத்திருந்த அந்தச் சில விநாடிகளின் படம். நடக்கும்போதோ சும்மா இருக்கும்போதோ நெஞ்சழுத்தமோ காரணமில்லாத மூச்சிரைப்போ வந்தால் பழைய இசிஜி காகிதத்தை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். இப்போது நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் இல்லை.

அந்த மாத்திரைகள்தான் எனக்குக் கவலையாக இருக்கின்றன. மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் வலி மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபினாக். மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம். மாரடைப்பு அபாயத்தையும் அது கூட்டும். இதயத்துக்குப் பயந்துகொண்டு இதயத்துக்கு ஆகாத மாத்திரையை ஐந்து மாதமாக விழுங்குகிறீர்கள் அம்மா. இன்றோடு நிறுத்துங்கள். நரம்பு மாத்திரை என்று கொடுப்பதில் பெரும்பாலும் பி6 வைட்டமின் இருக்கும். அதிக அளவில் பல மாதம் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கைகால்களை மரத்துப்போக வைக்கலாம். அட்டையைத் திருப்பி அளவைப் பாருங்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். வலி தாங்கவில்லை என்றால் வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம். அதற்கும் அடங்காத நாளில் பாரசிட்டமால் ஒன்று போதும்.

எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று எழுதியிருப்பதற்கு நாற்பது வயது தாண்டிவிட்டது என்றுதான் அர்த்தம். ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிறவர்களை எடுத்துப் பார்த்தாலும் இது இருக்கும். கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடுங்கள், வாரக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை தளர்ந்துதான் போகும். நறநற சத்தம் ஒன்றும் செய்யாது. கறுப்புத் தடம் பட்டை உராய்ந்து வந்தது, பட்டை மாறினால் மெல்ல மங்கும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று திருப்ப மட்டும் விடாதீர்கள், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்துவிடக் கூடும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்றே ஒன்றுதான். அது உங்கள் கடிதத்தில் இல்லை. கையின் பலம்.

வலி வரும், போகும். மரத்துப்போவதும் கை நீட்டி உதறினால் சரியாகும். இவை இரண்டும் நரம்பு நசுங்குகிறது என்று சொல்கின்றன, அவ்வளவுதான். பலம் குறைவது வேறு விஷயம், நரம்பு சேதமாகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரும்பாலும் அது வலிக்காமலே வரும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. பூ கட்டும்போது நார் விரலிலிருந்து நழுவும். ஜாக்கெட் கொக்கி மாட்ட முன்பைவிட நேரமாகும். கோலப்பொடி இழை ஒரே சீராக விழாது. பூட்டில் சாவியைத் திருப்ப அடுத்த கை தேவைப்படும்.

இன்று ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் இரண்டு புறங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டி வைத்தால் நடுவில் சின்ன மேடு ஒன்று புடைக்கும். இடது கையில் அந்த இடம் மட்டும் குழிந்திருந்தால் தசை கரைகிறது என்று பொருள். அடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வீட்டில் ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். வலது கையால் நேராகப் பிடிக்க முடிகிறது, இடது கையில் மட்டும் கட்டைவிரல் நுனி மடங்கினால்தான் காகிதம் நிற்கிறது என்றால் அது பலக்குறைவு. மூன்றாவதாக, கையை முழுதாக விரித்து முழுதாக மூடுங்கள். 10 விநாடியில் 20 தடவையாவது வர வேண்டும்.

இதில் ஏதாவது ஒன்று தவறினாலும் தள்ளிப்போடாமல் ஒரு வாரத்துக்குள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கே போகலாம். எங்கே நசுங்குகிறது, முழங்கையிலா, காறை எலும்புக்குக் கீழா, கழுத்திலா என்று பரிசோதித்து, தேவைப்பட்டால் நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து பார்ப்பார்கள். தசை கரைந்த பிறகு நரம்பை விடுவித்தாலும் முழுப் பலமும் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு கையும் தடுமாறி, நடக்கும்போது கால் பின்னி, சிறுநீர் போவதிலும் சிரமம் என்றால் அது தண்டுவடம். அன்றைக்கே போக வேண்டும்.

மூன்றும் சரியாக இருக்கிறதா? அப்படியானால் பைக்கு வருவோம்.

கழுத்துக்கும் காறை எலும்புக்கும் நடுவில், முதல் விலா எலும்பின் மேலாகத்தான் கைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் கொத்தாக இறங்குகின்றன. பை தோளைக் கீழே இழுத்தால் அந்தக் கொத்து இழுபடும். தோளோ சரிவானது, பட்டை நழுவும். நழுவாமல் இருக்க உங்களுக்கே தெரியாமல் தோளைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். கழுத்திலிருந்து தோள்முனைக்கு வரும் ட்ரபீசியஸ் தசை வீட்டுப்படி இறங்கியதிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை இறுகியே இருக்கிறது. இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது, அந்த உளைச்சல்தான் உங்களுடையது. பை காலியாக இருந்தாலும் தோள் இப்படித் தூக்கும். சேலைக்காரர்களுக்கு இது இன்னும் அதிகம். முந்தானை மடிப்பு இடது தோளில்தான் இருக்கிறது, அதைக் குத்தும் சேஃப்டி பின்னும் அங்கேதான். வழுக்குகிற துணி மேல் பட்டையைப் போட்டால் அது நிற்கவே நிற்காது.

இப்போது எடை. உங்கள் பையை ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். ரெக்சின் பை வெறுமனே 800 கிராம் இருக்கும். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் தண்ணீரோடு 1,350. இரண்டு அடுக்கு டிபன் பாக்ஸ் சாப்பாட்டோடு 1,100. குடை 350, பவர்பேங்க் 250, போன் 200, சில்லறையோடு பர்ஸ் 250. கூட்டினால் 4 கிலோ 300 கிராம். பள்ளிப் பிள்ளைகளின் பைக்கே உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான் என்று 2020-இல் மத்திய அரசு வரம்பு வைத்தது. அது இரண்டு தோளில் மாட்டும் பைக்கு. ஒரே தோளில் தினமும் தொங்கும் பைக்கு நான் சொல்லும் வரம்பு 2 கிலோ, பையின் எடையும் சேர்த்து.

குறைப்பது கஷ்டமில்லை. டிபன் பாக்ஸ் மஞ்சப்பையில் போய் அடுத்த கைக்கு மாறட்டும். தண்ணீர் அரை லிட்டர், லேசான பாட்டிலில், 650 கிராமுக்குள். மீதியை ஆபீசில் நிரப்பிக்கொள்ளுங்கள். பவர்பேங்க் வேண்டாம், ஆபீசில் சார்ஜர் இருக்கும். பை 400 கிராமுக்கு மேல் போகாத கேன்வாஸாக இருக்கட்டும். குடை, போன், பர்ஸ் அப்படியே இருந்தாலும் 2 கிலோவுக்குள் வந்துவிடுகிறது.

பட்டைதான் அடுத்த விஷயம். பட்டை 1 செ.மீ. அகலம், தோளில் 10 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது, பை 4 கிலோ என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 400 கிராம் அழுத்தும். அதே பையை 4 செ.மீ. பட்டையில் தொங்கவிட்டால் 100 கிராம்தான். அதனால் சங்கிலி, உருண்டைக் கயிறு, சுருட்டித் தைத்த பட்டை எதுவும் தினசரிப் பைக்கு ஆகாது. அகலம் மட்டும் பார்த்தும் வாங்கிவிடாதீர்கள். விறைப்பான தோல் பட்டை சரிவான தோளில் முழுதாகப் படியாமல் ஒரு ஓரத்தில் மட்டும் குத்தி நிற்கும். கையில் மடக்கினால் துணி மாதிரி மடங்க வேண்டும். பத்தமடைக் கோரையில் தைத்த பை லேசு, பார்க்கவும் அழகு. ஆனால் மெல்லிய கயிற்றுக் கைப்பிடி உள்ளதைத் தோளில் மாட்டாதீர்கள், ஐப்பசி மழையில் நனைந்தால் வெயிலில் காயவையுங்கள், இல்லையென்றால் பூசணம் பூக்கும்.

சேலைக்குக் குறுக்காகப் போடும் பைதான் சரி. பட்டை வலது தோளில், பை இடது இடுப்பில். முந்தானைக்குத் தொந்தரவு இல்லை, நழுவாது, எடையில் ஒரு பகுதியை மார்பும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும், வலிக்கிற தோளுக்கு ஓய்வும் கிடைக்கும். பையின் வாய் இடுப்பெலும்பு உயரத்தில் நிற்கும்படி பட்டையை இழுத்து வையுங்கள். தொடைக்கு இறங்கினால் ஒவ்வொரு எட்டுக்கும் ஆடி ஆடிக் கழுத்தை இழுக்கும். பட்டை கழுத்தோரம் உரசாமல் கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில் படிய வேண்டும். சுடிதார் போடும் நாளில் முதுகில் மாட்டும் பையே மேல், இரண்டு பட்டையையும் மாட்டினால்.

கடைக்குப் போகும்போது இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுபோங்கள். டவுன் ரதவீதியோ வண்ணாரப்பேட்டையோ, எங்கே வாங்கினாலும் இரண்டையும் உள்ளே போட்டு மாட்டிக்கொண்டு ஐம்பது எட்டு நடந்துவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். ஒரு தோள் ஏறியிருந்தால் அந்தப் பை வேண்டாம். பட்டை பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்குத் தையல் போட்டிருக்க வேண்டும். ஒற்றைத் தையல் சீக்கிரம் பிரியும். உள் துணி வெளிர் நிறமாக இருந்தால் சாவியைத் தேடிக் குனிந்து நிற்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலுக்கான அறை உடம்பை ஒட்டிய பக்கம் இருக்கட்டும். பழைய பையையே வைத்துக்கொள்ள ஆசை என்றால் பை ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுத்து 4 செ.மீ. நாடாப் பட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒயர் கூடை கடைசியில் வந்தாலும் உங்கள் விரல் மரப்புக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போகும் அல்நார் நரம்பு முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஓடுகிறது. கதவில் இடித்தால் ஷாக் அடித்த மாதிரி விர்ரென்று ஏறுமே, அந்த இடம். முழங்கையை மடக்கியபடியே கூடையைத் தொங்கவிட்டால் அது இழுபட்டே கிடக்கும். ரயிலில் போனை முகத்துக்கு நேரே பிடித்து உட்கார்ந்தாலும் அதே கதை. கூடையைக் கையை நீட்டித் தொங்கவிட்டுப் பிடியுங்கள், வழியில் கை மாற்றுங்கள். போனை மடியில் வைத்த பையின் மேல் வையுங்கள். தூங்கும்போது கையை மடக்கித் தலைக்கடியில் வைக்கும் வழக்கம் இருந்தால் முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுங்கள், மடங்காது.

ரயிலில் உட்கார்ந்த உடனே பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வையுங்கள். நிற்க வேண்டியிருந்தால் இரண்டு காலுக்கும் நடுவில் தரையில். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள், பத்து முறை.

இதற்கிடையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றும் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடுங்கள், இவையும் விரல்களை மரக்கடிக்கும். அந்த வலி மாத்திரை, கழுத்துப் பட்டி இரண்டும் இல்லாமல் மேலே சொன்னபடி மூன்று வாரம் இருந்து பாருங்கள். தோள் உளைச்சல் முதலில் குறையும், விரல் மரப்பு கொஞ்சம் தாமதமாகும். மூன்று வாரத்துக்குப் பிறகும் விரல்கள் அப்படியே இருந்தால், பலம் சரியாக இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். காகிதச் சோதனையை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் செய்யுங்கள்.