மெதடிஸ்ட் மணப்பெண்ணுக்கு மறுபடி ஞானஸ்நானமா?

கத்தோலிக்கரான உங்களை மணக்கப்போகும் மெதடிஸ்ட் பெண் மறுபடி ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று பங்கு அலுவலகத்தில் ஒருவர் சொன்னதாகக் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. புராட்டஸ்டண்ட் பிரிவுகளில் ஒன்றான மெதடிஸ்ட் சபையில் தண்ணீராலும் "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்ற சொற்களாலும் அவர் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. அதை இரண்டாம் முறை கொடுக்கவே முடியாது. அவர் ஏற்கெனவே கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி; கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் மனம் நோகும்படி யாரும் வேறுவிதமாகப் பேச விடாதீர்கள்.

பங்கு அலுவலகத்தில் அப்படிச் சொன்னவர், ஞானஸ்நானமே பெறாதவர்களுக்கான விதியோடு இதைக் குழப்பியிருக்கலாம்.

1. மணப்பெண்ணின் சபையிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்குங்கள். தொலைந்திருந்தால், நேரில் பார்த்த பெற்றோரோ உறவினரோ சாட்சி சொல்லலாம்.

2. அதோடு பங்குத்தந்தையை நேரில் பார்த்து, கலப்புத் திருமணத்துக்கு (கத்தோலிக்கர் வேறு சபைக் கிறிஸ்தவரை மணப்பது) பேராயரின் அனுமதி கேளுங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலில் விசாரிக்கலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே இருவரும் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க உங்களால் ஆனதைச் செய்வதாக நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அவர் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவருடைய போதகர் முன்னிலையில் திருமணம் என்றால், கத்தோலிக்கத் திருமண முறையிலிருந்து தனி விலக்கு முன்கூட்டியே வாங்க வேண்டும்.