அயர்லாந்துல டிவி: மாச பேக் போடறதுக்கு முன்னாடி கூரையை ஒரு தடவை பாருங்க

கேள்வி: டப்ளின்ல வாடகை வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. நேத்து ஒருத்தர் கதவைத் தட்டி டிவி பேக்னு சொல்லி 24 மாசத்துக்கு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். எங்களுக்கு வேண்டியது நியூஸ், பசங்களுக்கு கார்ட்டூன், கொஞ்சம் பிபிசி, அவ்வளவுதான். அவசரப்பட்டுட்டோமா?

பதில்: பயப்படாதீங்க, இன்னும் நேரம் இருக்கு. வீட்டு வாசல்ல போட்ட ஒப்பந்தத்தை குறைஞ்சது 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம், இங்க சட்டம் அப்படித்தான். போன்ல சொல்லிட்டு விட்டுடாதீங்க, மெயில் போடுங்க, தேதியோட அது கையில இருக்கணும். நடுவுல சர்வீஸை ஆரம்பிக்கச் சொல்லியிருந்தா அந்த நாளுக்கு மட்டும் காசு கேப்பாங்க.

இப்ப வெளிய போய் கூரையை பாருங்க. பழைய ஏரியல் கம்பி நிக்குதா, சுவத்துல டிஷ் இருக்கா? டப்ளின்ல நிறைய வீட்டுல முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போன டிஷ் சும்மாவே கிடக்கும். ஏரியல் வயரை டிவில சொருகி ட்யூன் பண்ணினா சேர்வியூங்கற இலவச டிவி சேவை வரும், ஐரிஷ்ல சேர்னா இலவசம்னு அர்த்தம், பேருக்கேத்த மாதிரி மாசக் காசு கிடையாது. நாட்டோட பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇயோட ஆர்டிஇ ஒன், ஆர்டிஇ டூ, ஐரிஷ் மொழி சேனல் டிஜி4, வர்ஜின் மீடியா ஒன், டூ, த்ரீ, குட்டிப் பசங்களுக்கு ஆர்டிஇ ஜூனியர், ஐரிஷ் மொழில கார்ட்டூனுக்கு கூலா4, பார்லிமென்ட் பாக்க இறாக்டஸ் டிவி எல்லாம் அதுல இருக்கு. வர்ஜின்னு பேர் இருக்கறதால அது காசு கட்டற சேனல்னு நினைச்சு நிறைய பேர் பேக் எடுக்கறாங்க, அந்த மூணும் ஏரியல்லயே வருது.

பிபிசிக்கு டிஷ் வேணும். பிபிசி, ஐடிவி, சேனல் 4, பசங்களோட சிபீபீஸ், சிபிபிசி எல்லாம் 28.2 டிகிரி கிழக்குல இருக்கற சாட்டிலைட்ல பூட்டு இல்லாமத்தான் வருது, கார்டு வேண்டாம். சேர்வியூவும் சாட்டிலைட்டும் ரெண்டும் ஒரே ரிமோட்ல வர காம்போ பாக்ஸ்னு கடைல கேளுங்க, ஒரு தடவை செலவு, அதோட முடிஞ்சுது. ஒண்ணு மட்டும் கவனிங்க, டிஷ்ஷுக்கு முன்னாடி மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே எல்என்பி, ஸ்கை க்யூங்கற கட்டண டிவி பாக்ஸ் வச்சிருந்த வீடுன்னா அது வேற ரகமா இருக்கும், சாதா பாக்ஸ்ல சிக்னலே காட்டாது. பாக்ஸ் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு திருப்பிக் குடுக்கறாங்க பாவம், எல்என்பியை மாத்தினா போதும்.

நான் வந்த புதுசுல இதெல்லாம் சொல்ல ஆளில்லாம ஒரு கம்பெனில பேக் எடுத்தேன், ஆஃபர் காலம் முடிஞ்சதும் பில் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, நாங்க பாத்ததோ முக்காவாசி ஏரியல்ல வர்ற சேனல்தான். அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். பிரீமியர் லீக் ஃபுட்பால் விடாம பாக்கற வீடுன்னா பேக் எடுக்கலாம், அதுல தப்பே இல்ல, ஆஃபர் முடிஞ்சப்புறம் மாசம் எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிட்டு எடுங்க.

கேள்வி: நான் இருக்கறது தெற்குல, கார்க். பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டி "எங்க காலத்துல பிபிசி பாக்கறதுன்னா டப்ளின்காரங்களுக்கு மட்டும்தான்"னு சொன்னாங்க. நிஜமாவா? இன்னொண்ணு, அவங்க எப்ப பாத்தாலும் டிவி3 டிவி3ங்கறாங்க, எங்க டிவில அப்படி சேனலே இல்லையே?

பதில்: நிஜம்தாங்க, டப்ளின்னு மட்டும் இல்ல, கிழக்குக் கரையும் வடக்கு எல்லையோரமும். 1961 டிசம்பர் 31 ராத்திரி அயர்லாந்தோட சொந்த டிவி ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடியே பெல்ஃபாஸ்ட் பக்கமும் வேல்ஸ்லயும் இருந்து சிந்தற பிரிட்டிஷ் சிக்னலை உசரமா கம்பி நட்டு பிடிச்சுட்டு இருந்தாங்க. தெற்கு, மேற்கு ஜனங்களுக்கு அந்த சிக்னல் எட்டல, ஒரே சேனல்தான், நாடே ஒத்த சேனல் பகுதி, பல சேனல் பகுதின்னு ரெண்டா பிரிஞ்சு கிடந்தது. ரெண்டாவது சேனலா பிபிசி 1ஐ அப்படியே மறு ஒளிபரப்பு பண்ணலாமா இல்ல சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்கலாமான்னு எழுபதுகள்ல பெரிய விவாதமே நடந்து, கடைசில 1978 நவம்பர்ல ஆர்டிஇ 2 வந்தது.

ஜனங்க அதோட விடல. ஊர்க்காரங்களே காசு போட்டு மலை மேல டிஃப்ளெக்டர்னு ஒரு கருவி வச்சு பிரிட்டிஷ் சேனலை பிடிச்சு ஊருக்குள்ள திருப்பி விட்டாங்க, லைசென்ஸ் கிடையாது, அதை மூடப் பாத்தப்போ எவ்வளவு கோவம்னா, 1997 தேர்தல்ல டொனகல் தென்மேற்குல டாம் கில்டேங்கறவர் இந்த டிஃப்ளெக்டர் பிரச்சினையை வச்சே சுயேச்சையா நின்னு ஜெயிச்சு பார்லிமென்ட் போனார். உங்க பாட்டி வாயில வர்றது அந்த ஏக்கம், அவங்களை உக்கார வச்சு இன்னும் கேளுங்க, இதெல்லாம் அவங்க நேர்ல பாத்த விஷயம்.

டிவி3ங்கறது 1998 செப்டம்பர்ல வந்த சேனல், 2018ல வர்ஜின் மீடியா ஒன்னு பேர் மாறிடுச்சு. வர்ஜின் மீடியா த்ரீயும் 2015ல யுடிவி அயர்லாந்தா பொறந்து, பி3 ஆகி, அப்புறம் இந்தப் பேருக்கு வந்தது. டிஜி4கூட 1996ல தொடங்கினப்போ வேற பேர்தான். பெரியவங்க பழைய பேரைச் சொன்னா குழம்பாதீங்க.

கேள்வி: பெல்ஃபாஸ்ட்ல இருந்து ஒரு நண்பர் பழைய டிவி தர்றேங்கறார், இங்க வேலை செய்யுமா?

பதில்: வருஷத்தைப் பாருங்க. படத்தை சுருக்கி அனுப்பறதுக்கு ரெண்டு முறை இருக்கு, எம்பெக்-2, எம்பெக்-4னு; சேர்வியூ எம்பெக்-4ல வருது, பழைய பிரிட்டிஷ் டிவி எம்பெக்-2 மட்டும்தான் படிக்கும், அதுல ட்யூன் பண்ணினா படம் வராது. டிவில ஃப்ரீவியூ ஹெச்டினு (பிரிட்டன்ல ஏரியல்ல வர்ற இலவச ஹெச்டி சேவை) போட்டிருந்தா பெரும்பாலும் வரும். இல்லன்னா தனி பாக்ஸ் ஒண்ணு வாங்கிக்குங்க. இங்க அனலாக்ங்கற பழைய முறை ஒளிபரப்பு 2012 அக்டோபர் 24ஓட முடிஞ்சு போச்சு, அதனால டப்பா டிவிக்கும் பாக்ஸ் இல்லாம வழியில்ல.

கேள்வி: நாங்க யூடியூபும் சன் டிவி ஆப்பும்தான் பாக்கறோம், டிவி வீட்டு ஓனரோடது. டிவி லைசென்ஸ்னு லெட்டர் வந்திருக்கு, கட்டணுமா?

பதில்: கட்டணும். என்ன பாக்கறீங்கங்கறது கணக்கே இல்ல, சிக்னல் பிடிக்கக்கூடிய டிவி வீட்டுல இருந்தாலே வருஷத்துக்கு 160 யூரோ, வாங்கினது ஓனரா இருந்தாலும் குடியிருக்கறது நீங்க. எத்தனை டிவி இருந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரே லைசென்ஸ், போஸ்ட் ஆஃபீஸ்லயே கட்டலாம். வெறும் போன், லேப்டாப் மட்டும்னா வேண்டாம். லெட்டரை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, கோர்ட்டுக்குப் போனா முதல் தடவையே 1000 யூரோ வரைக்கும் அபராதம் விழலாம். டிவி வேண்டவே வேண்டாம்னா ஓனர்கிட்ட சொல்லி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

கேள்வி: ஆஃபீஸ்ல ஒருத்தர் கட்டண சேனலையெல்லாம் திருட்டுத்தனமா காட்டற டாட்ஜி பாக்ஸ் தர்றேங்கறார், வருஷத்துக்கு ஒரு தடவை காசு குடுத்தா போதுமாம்.

பதில்: வேண்டாங்க. சட்டவிரோதம், ரசீதும் கிடையாது, திடீர்னு ஒரு நாள் நின்னு போச்சுன்னா யார்கிட்ட போய் காசைக் கேப்பீங்க? உங்க கார்டு நம்பர் வேற யார் கையில இருக்குன்னே தெரியாது. அந்தக் காசுக்கு காம்போ பாக்ஸ் வாங்குங்க.