உலர் ஈஸ்ட்டா, திரவ ஈஸ்ட்டா? வீட்டில் பீர் தயாரிப்போர் கேட்டவை

சொந்தத் தேவைக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்க பிரிட்டனில் 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978-இல் கையெழுத்தான சட்டம் அதற்கு வழிவிட்டது. அந்த நாடுகளில் வாழும் தமிழ் வாசகர்கள் ஈஸ்ட் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஊரிலிருந்தும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: இப்போதுதான் தொடங்குகிறேன். திரவ ஈஸ்ட்தான் உயர்ந்தது, உலர் ஈஸ்ட் மட்டம் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

இன்றைக்கு அது உண்மையில்லை. ஒரு காலத்தில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு டப்பாவின் மூடிக்கு அடியில் சின்னப் பொட்டலம் ஒன்று வரும். என்ன வகை ஈஸ்ட், எத்தனை நாள் பழசு என்று எதுவும் தெரியாது. உலர் ஈஸ்ட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது அதனால்தான். இப்போது பிரான்சின் ஃபெர்மென்டிஸும் கனடாவின் லாலமண்டும் பீருக்கென்றே தேர்ந்த வகைகளைத் தூய்மையாக வளர்த்து உலர்த்தி விற்கின்றன. உலர் வகையான யூஎஸ்-05, திரவ வகைகளான வையீஸ்ட் 1056, டபிள்யூஎல்பி001 ஆகிய மூன்றையும் ‘சிகோ’ என்ற ஒரே குடும்பமாகத்தான் பீர் தயாரிப்போர் பார்க்கிறார்கள்.

முதல் பீருக்கு உலர் ஈஸ்ட்டையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தையும் கவனத்தையும் நொதிக்கும் வாளியின் வெப்பநிலையில் செலவிடுங்கள். ஏல் (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர்) வகைக்கான வழக்கமான ஈஸ்ட் எதையும் 28 டிகிரி செல்சியஸ் அறையில் வைத்தால் பீர் கெடும். 18 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் நன்றாகவே வரும்.

கேள்வி: 20 லிட்டர் வோர்ட்டுக்கு எவ்வளவு ஈஸ்ட் வேண்டும்?

வோர்ட் என்பது மால்ட்டிலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு. ஏலுக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு பிளேட்டோ டிகிரிக்கு (சர்க்கரை அடர்த்தியின் அளவு) ஏழரை லட்சம் செல்கள் என்பது பழகிய கணக்கு. 12 பிளேட்டோ அடர்த்தியுள்ள 20 லிட்டர் வோர்ட்டுக்கு ஏறத்தாழ 18,000 கோடி செல்கள் வேண்டும். புதிய திரவப் பொதி ஒன்றில் சுமார் 10,000 கோடிதான் இருக்கும். உலர் ஈஸ்ட்டில் இந்தக் கணக்கே வேண்டாம். 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் என்கிறது ஃபெர்மென்டிஸ். 11.5 கிராம் பொட்டலம் ஒன்று உங்களுக்குப் போதும்.

கேள்வி: உலர் ஈஸ்ட்டை வெந்நீரில் ஊறவைக்க வேண்டுமா, அப்படியே தூவலாமா?

வெந்நீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். வெதுவெதுப்பான நீர் போதும். வழக்கமான அடர்த்தி என்றால் அப்படியே தூவலாம். தூவியதும் பழுப்புக் குருணைகள் மேலே மிதக்கும். கால் மணி நேரத்தில் அவை நனைந்து பாலாடைபோல் பரவும். அதுவரை கலக்காதீர்கள்.

ஒப்படர்த்தி 1.065-க்கு மேற்பட்ட (நீருக்கு 1.000) வோர்ட் என்றால் ஊறவைப்பது நல்லது. கொதிக்கவைத்து ஆறவைத்த நீர், ஈஸ்ட்டின் எடையைப்போல் பத்து மடங்கு, 25–30 டிகிரி, கால் மணி நேரம். உலர்ந்த செல்லின் சவ்வு சுருங்கிக் கிடக்கிறது. சர்க்கரை குறைவான நீரில் அது நிதானமாகச் சீராகும்.

உலர் ஈஸ்ட்டுக்கு ஸ்டார்ட்டர் (ஈஸ்ட்டை முன்கூட்டியே கொஞ்சம் வோர்ட்டில் பெருக்கிக்கொள்வது) வேண்டவே வேண்டாம். தொழிற்சாலையில் ஏராளமான ஆக்சிஜனுடன் வளர்ந்ததால் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால்கள் அதனிடம் சேமிப்பாக இருக்கின்றன. ஸ்டார்ட்டர் வைத்தால் அந்தச் சேமிப்பு அங்கேயே தீரும். இதனால்தான் உலர் ஈஸ்ட்டை முதல்முறை இடும்போது வோர்ட்டில் காற்றேற்றுவது கட்டாயமில்லை. திரவ ஈஸ்ட்டுக்குக் கட்டாயம்.

கேள்வி: அண்ணா, நான் வாங்கிய திரவப் பொதி தயாரித்து மூன்று மாதம் ஆகிறது. உள்ளே இருக்கும், ஈஸ்ட்டை எழுப்பும் சத்துநீர்ச் சிறு பையைத் தட்டி உடைத்தேன். பொதி பாதிதான் உப்பியது. எறிந்துவிடவா?

எறியாதீர்கள் தம்பி. பாதி உப்பினாலும் உள்ளே உயிர் இருக்கிறது. திரவ ஈஸ்ட் குளிர்பெட்டியிலேயே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செல்களை இழக்கும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். உங்கள் பொதியில் பாதி மிஞ்சியிருக்கும். பழைய உறைமோரைக் கொஞ்சம் பாலில் விட்டுத் தெளியவைத்து, பிறகு பெரிய பானைக்கு உறை ஊற்றுகிறோம் அல்லவா, ஸ்டார்ட்டரும் அதே வேலைதான்.

2 லிட்டர் நீரில் 200 கிராம் உலர் மால்ட் தூளைக் கரைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்கு ஆற்றி, ஈஸ்ட்டை ஊற்றுங்கள். போகும்போதும் வரும்போதும் குடுவையைக் குலுக்குங்கள். இரண்டு நாள் கழித்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் அடியில் வெண்ணிறப் படிவு இறங்கும். மேல் நீரை வடித்துவிட்டு, படிவை மட்டும் இடுங்கள். முகர்ந்து பாருங்கள், ரொட்டி வாசனை வந்தால் நல்லது, புளித்த நாற்றம் வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மன் கோதுமை பீரின் வாழைப்பழ மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். உலர் ஈஸ்ட்டில் அது வருமா?

இங்கேதான் நான் திரவத்தின் பக்கம் நிற்கிறேன். ஹெஃபவைசன் எனும் அந்தக் கோதுமை பீரில் வாழைப்பழ மணத்தைத் தருவது ஐசோஅமைல் அசிட்டேட். கிராம்பு மணத்தைத் தருவது 4-வினைல் குவாயகால். இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட்தான். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்கள் ஒதுங்கி நிற்கும் இந்த வகை பீரில் ஈஸ்ட்டை மாற்றினால் பீரே வேறாகிவிடும். வையீஸ்ட் 3068 இரண்டு மணங்களையும் தாராளமாகத் தருகிறது. 17 டிகிரி பக்கம் வைத்தால் கிராம்பு எழும்பும், 21–22-இல் வாழைப்பழம் மேலே வரும்.

உலர்தான் கிடைக்கும் என்றால் லாலமண்டின் மியூனிக் கிளாசிக் நல்ல தேர்வு. டபிள்யூபி-06 வாங்கினால் ஓர் எச்சரிக்கை: அது மற்ற ஈஸ்ட்கள் தொடாத டெக்ஸ்ட்ரின்கள் என்ற நீள்சங்கிலிச் சர்க்கரைகளையும் தின்னும் வகை. பீர் மெலிந்து வறண்டு முடியும். குழாயில் எச்சம் தங்கினால் அடுத்த பீரின் பாட்டில்களில் வாயு மிஞ்சி வெடிக்கவும் கூடும். கருவிகளை மிகத் துப்புரவாகக் கழுவுங்கள்.

கேள்வி: லாகருக்கு?

குளிர்ச்சியில் நொதிக்கும் இந்த வகை பீருக்கு உலர் டபிள்யூ-34/70, 20 லிட்டருக்கு இரண்டு பொட்டலம், 12 டிகிரி. லாகருக்கு ஏலைப்போல் இரு மடங்கு செல்கள் வேண்டும். திரவ ஈஸ்ட்டில் அந்த அளவை எட்டப் பெரிய ஸ்டார்ட்டர் வைத்து மல்லுக்கட்ட வேண்டும்.

கேள்வி: ரொட்டிக்கு வாங்கிய ஈஸ்ட் வீட்டில் இருக்கிறது. போடலாமா?

நொதிக்கும். ஆனால் எளிதில் படியாது, பீர் கலங்கியே நிற்கும். கேட்காத கிராம்பு மணமும் வரலாம். நல்ல மால்ட்டை அதில் வீணாக்காதீர்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். இங்கே வீட்டில் செய்து பார்க்கலாமா?

கூடாது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். சொந்தத் தேவைக்கு என்றாலும் அப்படித்தான்.

கேள்வி: வித்தியாசம் உண்டா இல்லையா என்று நானே அறிய விரும்புகிறேன். எப்படி?

ஒரே வோர்ட்டை இரண்டு வாளிகளில் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். ஒன்றில் யூஎஸ்-05, மற்றதில் 1056. இரண்டும் ஒரே அறையில், ஒரே நாளில் பாட்டிலுக்குப் போகட்டும். வீட்டிலுள்ள ஒருவரை மூன்று கோப்பைகளில் ஊற்றித் தரச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எந்தக் கோப்பை வேறு என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் பல முறை, பலரை வைத்துச் செய்யுங்கள். நிறம் காட்டிக்கொடுக்காதபடி ஒளிபுகாத கோப்பைகளையே எடுங்கள்.